தெரியாத வினாவை என்ன செய்வது?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றத்துச் செயலாளர் கேட்டபோது, சிலம்பைப் பற்றி எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். "சிலம்பைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்துவிட்டன. நீங்கள் எம்.பி.ஏ. படிக்கிறவர், அந்தப் பக்கத்துச் செய்தி ஏதாவது எழுதலாமே!" என்றார் அவர். மறுக்க இயலவில்லை. கண்ணகிக்காக வழக்காட மூவர் இருக்கிறார்கள். நுழைவுத் தேர்வில் மதிப்பெண்ணைக் கைநழுவ விட்டவனுக்காகப் பேச ஒருவராவது வேண்டாமா?

அவன் வேறு யாரும் அல்லன், நானேதான்.

எம்.பி.ஏ. வகுப்பில் சேர நினைக்கும் சித்தூர், திருப்பதி மாணவர்க்கு முன்னே பெரும்பாலும் இரண்டு வாயில்கள் தென்படும். ஒன்று ஐசெட். ஆந்திர மாநில உயர்கல்வி மன்றத்தின் சார்பில், ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பல்கலைக் கழகம் அதை நடத்தும். 2019-ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு திருப்பதித் திருவேங்கடவன் பல்கலைக் கழகத்தின் கையில் இருந்தது. மாநிலத்துக் கல்லூரிகளில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இரண்டுக்கும் அதுவே நுழைவாயில். மற்றொன்று கேட். இந்திய மேலாண்மைக் கழகங்கள் முறைவைத்து நடத்தும் தேர்வு அது. 2024-இல் கல்கத்தாவின் முறை. அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961-இல் தொடங்கிய அக்கழகங்கள் இன்று நமக்குக் கிட்டத்தில், திருச்சியிலும் விசாகப்பட்டினத்திலும்கூட இருக்கின்றன. வேறு பல கல்லூரிகளும் கேட் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கின்றன.

நான் இரண்டையும் எழுதினேன். நவம்பரில் திருப்பதியில் கேட். அடுத்த மே மாதம், எங்கள் ஊராகிய சித்தூரில் ஐசெட். இரண்டும் கணினித் திரையில்தான். இரண்டிலும் கணக்கு உண்டு, ஆங்கிலம் உண்டு, தருக்கம் உண்டு. ஆகவே ஒன்றுக்குப் படித்தால் மற்றொன்றுக்கும் படித்ததாகும் என்று நம்பினேன். பாடத்தைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரிதும் சரியே. பழக்கத்தைப் பொறுத்தவரை முழுத் தவறு. அந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலை ஓராண்டு.

கேட் தேர்வுக்குப் பயிற்சி தந்த ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "தெரியாததைத் தொடாதே, தொட்டால் சுடும்." ஆறு மாதம் கேட்டுக் கேட்டு அது என் எலும்பில் ஏறிவிட்டது. மே மாதத்தில் ஐசெட் எழுதும்போது, ஐயமான வினா வந்தால் கை தானாகவே அடுத்த வினாவுக்குப் போயிற்று. மணி அடித்தபோது 37 வினாக்கள் வெறுமையாகக் கிடந்தன. "நெருப்பைத் தொடவில்லை" என்ற நிறைவோடு எழுந்து வந்தேன். ஐசெட்டில் நெருப்பே கிடையாது என்பது வெளியே வந்து ஒரு நண்பனோடு தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது! தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் கழிப்பதில்லை. விதிகள் அடங்கிய தகவல் ஏட்டில் அது தெளிவாகவே இருந்தது. படிக்காதவன் நான். ஆசிரியரைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் சொன்னது வேறு தேர்வுக்கு.

இனி அந்த ஐசெட்டின் உடலமைப்பைப் பார்ப்போம்.

மொத்தம் 200 வினாக்கள், 200 மதிப்பெண்கள், நேரம் இரண்டரை மணி. வகுத்துப் பாருங்கள்: ஒரு வினாவுக்கு 45 நொடி. ஒவ்வொரு வினாவுக்கும் கீழே நான்கு விடைகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதற்பகுதியாகிய பகுப்பாய்வுத் திறனுக்கு 75 வினாக்கள். கணிதத் திறனுக்கும் மொழித் தொடர்புத் திறனுக்குமாக மற்ற 125. கணிதப் பகுதியில் அச்சுறுத்துவது ஒன்றுமில்லை. சதவிகிதம், வட்டி, விகிதம், கொஞ்சம் இயற்கணிதம், வடிவியல், சராசரி முதலான புள்ளியியல் என்று பள்ளியில் கற்றவையே திரும்பி வரும். மொழிப் பகுதியில் சொற்பொருள், இலக்கணம், படித்து விடை காணும் பத்திகள் ஆகியவற்றோடு வணிகத்திலும் கணினித் துறையிலும் வழங்கும் சொற்களும் கேட்கப்படும். வணிகவியல் பட்டதாரிக்கு இவை இனாமாகக் கிடைக்கும் மதிப்பெண்கள்.

சற்று நின்று பார்க்க வேண்டியது முதற்பகுதியில் வரும் 20 வினாக்கள். "தகவல் போதுமா?" என்று கேட்பவை இவை. நம் பள்ளிகளில் இத்தகைய வினா கிடையாது. அங்கெல்லாம் விடை என்ன என்று கேட்பார்கள். இங்கேயோ விடை காண வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். வினாவுக்குக் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். முதற்கூற்று மட்டுமே போதுமா, இரண்டாவது மட்டுமே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவே.

நானே கட்டிய ஓர் எடுத்துக்காட்டு. நம் மாவட்டத்துச் சரக்கு, மாங்காய்.

ஒரு வண்டி மாங்காய் விற்றதில் வியாபாரிக்கு நூற்றுக்கு எவ்வளவு லாபம்? முதற்கூற்று: கொண்ட விலையைவிட விற்ற விலை 2,000 ரூபாய் அதிகம். இரண்டாம் கூற்று: விற்ற விலை, கொண்ட விலையைப் போல் ஒன்றேகால் மடங்கு.

இதைப் பார்த்ததும் நம்மவர் கை பரபரக்கும். ஒன்றேகால் மடங்கு என்றால் அதிகமான கால் பங்கு 2,000 ரூபாய். ஆகவே கொண்ட விலை 8,000, விற்ற விலை 10,000, லாபம் நூற்றுக்கு 25. அழகாக முடிந்தது! இரண்டு கூற்றுகளையும் பயன்படுத்தினோம். ஆகவே "இரண்டும் சேர்ந்தால்தான் போதும்" என்று குறித்துவிடுவோம். அது தவறு. கேட்டது நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான். ஒன்றேகால் மடங்கு என்ற ஒரு சொல்லிலேயே 25 என்ற விடை அடங்கிவிட்டது. 2,000 ரூபாய் தேவையே இல்லை. இரண்டாம் கூற்று மட்டுமே போதும். கொண்ட விலையைக் கண்டுபிடித்த உழைப்பு அத்தனையும் வீண். வீண் மட்டுமா, அந்த உழைப்பேதான் நம்மைத் தவறான விடைக்கு அழைத்துச் சென்றது. கணக்கில் கெட்டிக்காரர்கள்தாம் இந்தக் குழியில் முதலில் விழுகிறார்கள். நான் விழுந்திருக்கிறேன். தப்பிக்க வழி ஒன்று: முதற்கூற்றைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் படியுங்கள், பிறகு இதை மறைத்து அதைப் படியுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது கடைசியில்தான்.

இப்போது அந்த 37 வெற்றிடங்களுக்கு வருவோம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும், நான்கு முறைக்கு ஒரு முறை சரியாக இருக்க வாய்ப்புண்டு. 37 வினாக்களில் சராசரியாக ஒன்பது மதிப்பெண். ஒன்பதுதானே என்று தோன்றும். தரவரிசையின் நடுப்பகுதியில் மாணவர் கூட்டம் திருவிழாக் கூட்டம் போல நெருங்கி நிற்கும். ஒரே மதிப்பெண்ணில் பலர் இருப்பார்கள். அங்கே ஒன்பது மதிப்பெண் என்பது ஒரு பெருங்கூட்டத்தைத் தாண்டுவது. இருவர் மதிப்பெண் சமமாக இருந்தால் முதற்பகுதியில் அதிகம் பெற்றவர் யார் என்று பார்ப்பார்கள். என் வெற்றிடங்களில் பாதிக்கு மேல் அந்த முதற்பகுதியில்தான் இருந்தன. நான் விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லை. சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஓராண்டு கணக்கு எழுதினேன். மறுமுறை எழுதித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். அந்த ஓராண்டில் அப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

ஐசெட்டில் தகுதி பெற 200-க்கு 50 மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த வரம்பு இல்லை. 200 வினாக்களுக்கும் ஒன்றையும் படிக்காமல் விடை குறித்தால் சராசரியாக எவ்வளவு வரும்? அதே 50! "தகுதி பெற்றுவிட்டேன்" என்று இனிப்பு வழங்குகிறவர்களைக் காணும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். கல்லூரி கிடைப்பது தகுதியால் அன்று, வரிசை எண்ணால்.

இனிக் கேட் தேர்வு. இங்கே சட்டமே வேறு.

2024-இல் கேட்கப்பட்டவை 68 வினாக்கள். நேரம் 2 மணி. மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். முதலில் ஆங்கிலம், 24 வினாக்கள். அடுத்து தகவல் விளக்கமும் தருக்கமும், 22. கடைசியாகக் கணிதம், 22. இந்த வரிசையை மாற்ற முடியாது. ஆங்கிலத்தை அரை மணியில் முடித்துவிட்டு மீதியைக் கணக்குக்குச் சேமிக்கலாம் என்றால் நடவாது; 40 நிமிடம் முடியும் வரை அடுத்த கதவு திறக்காது; முடிந்தபின் பழைய கதவு மூடிவிடும். உடற்குறை உள்ளவர்களுக்குப் பகுதிக்கு 13 நிமிடம் 20 நொடி கூடுதலாக உண்டு. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழிப்பார்கள். விடையை நாமே எண்ணாக இட வேண்டிய வினாக்களும் சில உண்டு. அவற்றில் தவறினால் கழிவு இல்லை.

பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய நூலில் மூன்று மணி நேரம், 100 வினாக்கள் என்று இருந்தது. நூலும் பொய் சொல்லவில்லை. 2015 முதல் 2019 வரை இருந்த முறை அது. 2009-க்கு முன்போ தாளும் பென்சிலும். 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் இரண்டு மணியாகச் சுருக்கினார்கள். சுருக்கியது சுருக்கியதாகவே நின்றுவிட்டது. ஆகவே அண்ணன்மார் கொடுத்த நூலில் கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் மட்டும் பாருங்கள். ஐசெட்டுக்கும் இது பொருந்தும்.

"தொட்டால் சுடும்" என்று என் ஆசிரியர் சொன்னது இந்தத் தேர்வுக்கு. இங்கேயாவது அது முழு உண்மையா என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முற்றிலும் தெரியாத நான்கு வினாக்களைக் குருட்டடியாகக் குறித்தால் ஒன்று சரியாகலாம்: கூட்டல் 3. மூன்று தவறாகும்: கழித்தல் 3. கூட்டிக் கழித்தால் சுழி. லாபமுமில்லை, நட்டமுமில்லை, செலவான நேரந்தான் நட்டம். நான்கு விடைகளில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் நிலைமை மாறுகிறது. அப்படிப்பட்ட மூன்று வினாக்களில் ஒன்று சரியானால் 3 வரும், இரண்டுக்கு 2 போகும், ஒன்று மிஞ்சும். இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலோ, இரண்டு வினாக்களுக்கு இரண்டு மதிப்பெண் மிச்சம். ஆகவே, கொஞ்சமும் தெரியாததைத் தொடாதே. பாதி தெரிந்ததைத் துணிந்து தொடு என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். இது சராசரிக் கணக்கு. ஒரே ஒரு நாளில் எவனுக்கு எப்படி விழும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கேட் தேர்வில் உண்மையான சோதனை இரண்டாம் பகுதியில்தான். அங்கே வினாக்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒரு நிலைமையை விவரித்து அதன்மேல் நான்கோ ஐந்தோ வினாக்களைத் தொடுத்துவிடுவார்கள். 2024-இல் இத்தகைய தொகுதிகள் ஐந்து. 40 நிமிடத்தில் ஐந்தையும் முடிப்பவர் மிகச் சிலர். ஒரு தொகுதியில் கால் வைத்து, பதினைந்து நிமிடம் மல்லாடி, பாதியில் எழுந்து வந்தால் பகுதியே போயிற்று. முதல் ஐந்து நிமிடம் ஒன்றையும் தீர்க்காமல் ஐந்தையும் படித்துப் பார்த்து, எளிய இரண்டு மூன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பாலம் சந்தைக்குப் போகும் என் அம்மா முதற்கடையில் எதையும் வாங்கமாட்டார். ஒருமுறை கடைசிவரை நடந்துவிட்டுத்தான் திரும்புவார். எனக்கு அந்தப் பொறுமை தேர்வறையில் வரவில்லை.

மதிப்பெண் வந்தபின் அவர்கள் நமக்குச் சொல்வது நூற்றுவரிசை. 99 என்று வந்தால் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று பொருளன்று. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் நமக்குக் கீழே என்று பொருள். 2024-இல் எழுதியவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். அப்படியானால் 99 பெற்றவருக்கு மேலேயும் கிட்டத்தட்ட 2,900 பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நேர்காணல், பழைய மதிப்பெண்கள் என்று வேறு படிகள் உண்டு. ஒரே நாளில் மூன்று வேளைகளாக வெவ்வேறு வினாத்தாள் கொடுப்பதால், கடினமான தாள் வந்தவர் நட்டப்படாதபடி மதிப்பெண்களைச் சமன் செய்து வெளியிடுகிறார்கள்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மலருக்கு எழுதியவனாக மாட்டேன். நம்மில் பலருக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, தேர்வில் ஆங்கிலம். ஐசெட்டில் மொழிப் பகுதி நீங்கலாக மற்றவை ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருக்கும். வினா ஆங்கிலத்தில் மயங்கினால் தெலுங்கில் படித்துத் தெளிவேன். நம் எல்லைப்புறத்தவனுக்கு வாய்த்த வசதி அது. தமிழ்வழிப் பள்ளியில் படித்து, தெலுங்கு எழுத்தை எழுத்துக் கூட்டியே படிக்கும் நண்பனுக்கு அந்த வசதியும் இல்லை. 45 நொடியில் பாதி அவனுக்கு மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். கேட் முழுவதும் ஆங்கிலம். அதில் 24 வினாக்களில் 16, நீண்ட பத்திகளைப் படித்து விடையளிப்பவை. அதற்குக் குறுக்குவழி ஏதும் எனக்குத் தெரியாது. நாள்தோறும் படிப்பதுதான். ஆனால் ஒரு வகை வினா நமக்கு உறவு. கலைத்துப் போட்ட நான்கு வாக்கியங்களைப் பொருள் வரும்படி வரிசைப்படுத்தச் சொல்வார்கள். நன்னூலில் கொண்டுகூட்டுப் பொருள்கோள் படித்தவர்களுக்கு அது புதிதா? எழுவாயைத் தேடு, "அது", "அவர்" என்ற சுட்டு எதைக் குறிக்கிறது என்று பார், கூட்டு. வகுப்பில் தூங்காதிருந்தால் அங்கே மூன்று மதிப்பெண்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குப் போவோர் எழுதும் ஜிமேட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஒன்பது கல்லூரிகள் கூடிப் பேசி, 1954-இல் முதல் தேர்வை நடத்தின. திருவேங்கடவன் பல்கலைக் கழகம் பிறந்ததும் அதே 1954. "தகவல் போதுமா" வினா அங்கேயும் புகழ்பெற்றது. இப்போதைய ஜிமேட்டில் 64 வினாக்கள், மூன்று பகுதிகள், பகுதிக்கு 45 நிமிடம். நாம் விடையளிக்கும் அழகைப் பார்த்து அடுத்த வினாவைக் கடினமாகவோ எளிதாகவோ கணினி தேர்ந்தெடுக்கும். ஆகையால் விடை சொல்லாமல் அடுத்த வினாவுக்குப் போக முடியாது. பகுதியின் முடிவில் மூன்று விடைகளை மட்டும் திருத்தலாம். ஒரு தேர்வில் விடக் கூடாது. ஒன்றில் பார்த்து விட வேண்டும். இன்னொன்றில் விடவே முடியாது. எல்லாம் ஒரே படிப்புக்குத்தான்!

சென்ற மே மாதம் நகரியிலிருந்து ஒரு தங்கை வந்திருந்தாள். பி.காம். இறுதியாண்டு; பெற்றோர் விசைத்தறியில் வேலை செய்கிறவர்கள். "அண்ணா, தெரியாத கணக்கை விட்டுடலாம் இல்லையா?" என்று அவள் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் எங்கோ அந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறாள். உட்காரவைத்து, மேலே எழுதியதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசி இரண்டு நிமிடத்தை வெற்றிடங்களுக்கென்றே ஒதுக்கிவிடு என்றேன்.

தேர்வன்று சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நகரிப் பேருந்துக்குக் காத்திருந்தாள்.

"எத்தனை விட்டாய்?"

"ஒன்றுகூட விடவில்லை அண்ணா. 22 கணக்கு தெரியவில்லை. எல்லாவற்றிலும் இரண்டாவது விடையையே குறித்துவிட்டேன்."

"எவ்வளவு வரும்?"

"ஐந்தோ ஆறோ வரும் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.